பன்னிரண்டாவது கட்டம்

"வேலண்ணே! எறங்காத!"

தபரேஸ் ஓடிக்கொண்டிருந்தான். காலில் ஷூ இல்லை, வெறும் சாக்ஸ். கணினி அறைக்குள் ஷூ போடக் கூடாது என்பது நிலையத்தின் விதி. வெளியே வந்து மாட்டிக்கொள்ள இருபது நொடி ஆகும். அந்த இருபது நொடி அவனிடம் இல்லை.

மூன்றாம் நம்பர் தொட்டியின் இரும்பு மூடி திறந்து கிடந்தது. வேலு வலது காலை உள்ளே ஏணியில் வைத்துவிட்டார். இடது காலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

தபரேஸ் பாய்ந்து அவர் காலரைப் பிடித்து இழுத்தான். சட்டை டர்ரென்று கிழிந்தது. ஆள் வெளியே வந்து விழுந்தார்.

"இன்னா சார் இது! போன பக்ரீதுக்கு நீ எடுத்துக் குடுத்த சட்டை சார்!"

"மேல வாயு போர்டைப் பாத்தியா?"

"பாத்துட்டுத்தானே எறங்குறேன். சைபர் காட்டுது. சைபர்னா வாயு கிடையாது, எறங்கலாம். ரூலே அதான?"

"சென்சார் செத்துப்போச்சுண்ணே. ஒம்பது பத்துலேர்ந்து ஒரே கோடா சைபர்."

"செத்துப்போனா சைபரா காட்டும்?"

தபரேஸ் குனிந்து சாக்ஸில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

பக்கத்து ஆலையிலிருந்து கையடக்க வாயு மீட்டரை இரவல் வாங்கி, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார்கள். ஆறடி போவதற்குள் அது வீறிட்டது. மேலே இழுத்துப் பார்த்தார்கள். எழுநூறு. பத்தைத் தாண்டினாலே மனிதன் நிற்கக் கூடாது. நூறில் ஓட வேண்டும். எழுநூறில் ஓடுவதற்கு யோசிக்கும்போதே கால் மடங்கிவிடும். சென்சாரின் ஒயரைப் பெருச்சாளி கடித்துத் துண்டாக்கியிருந்தது.

வேலு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "எனக்கு நாத்தமும் தெரியாது சார். உனக்குத்தான் தெரியுமே."

தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் இதே தொட்டியில் வேலு மயங்கி விழுந்தார். அன்றைக்கும் போர்டு பூஜ்யம்தான். வேலூரில் பதினோரு நாள் ஆஸ்பத்திரி. உயிர் திரும்பி வந்தது, முகரும் சக்தி வரவில்லை. விபத்துப் பதிவேட்டில் காரணம்: 'காலை உணவு உண்ணவில்லை.' அன்று காலை அவர் ஆறு இட்லி தின்றார் என்று அவர் மனைவி இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பதினோரு நாளும் ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தவன் தபரேஸ் ஒருவன்தான். தங்கமான மனுஷன் என்று நிலையமே சொல்லும். யாராவது அப்படிச் சொன்னால் அவன் உடனே குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிடுவான். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மென்பொருள் எழுதுகிறவன் எதற்காகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் தொட்டியின் வாயு வரைபடத்தையே முறைத்துக்கொண்டிருக்கிறான் என்று ஒருவரும் கேட்டதில்லை.

*

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், பதினான்கு தோல் ஆலைகளின் கழிவுநீர் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையம் அது. பெயர் வேண்டாம். பெயர்ப் பலகையில் எந்த ஊர் முதலில் வர வேண்டும் என்று ஆராயும் குழு இன்னும் அறிக்கை தரவில்லை.

அங்கே ஒரு வாசகம் எல்லாச் சுவரிலும் தமிழ், உருது, ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருக்கும்: 'எந்தக் கட்டமும் காலியாக இருக்கலாகாது.'

காரணம் உண்டு. ஒருமுறை, தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் தணிக்கைக்காரர் ஒரு பதிவேட்டில் காலிக் கட்டம் ஒன்றைக் கண்டு சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார். அந்த வட்டம் பதினான்கு முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. அன்றிலிருந்து விவரம் தெரியாத கட்டத்தில் பூஜ்யம் போட்டு நிரப்பிவிடுவது பழக்கமாயிற்று. வாசல் காவலாளி, வெளியே போகிறவர் திரும்பி வரும் நேரத்தையும் போகும்போதே எழுதிவிடுவார். காலியாக விடக் கூடாதல்லவா.

இந்தப் பழக்கம் பதிவேட்டிலிருந்து மென்பொருளுக்குள் போனதுதான் கதை.

மென்பொருளில் ஃபங்ஷன் என்பது ஓர் எடுபிடி ஆள் மாதிரி. 'போய்ப் பார்த்துவிட்டு வா' என்று அனுப்பினால் போய், பதில் கொண்டுவரும். நிலையத்தில் பயன்படுத்தும் கணினி மொழி கறாரானது. ஆளை அனுப்பும் முன்பே அவன் எந்த வகைப் பதிலைக் கொண்டுவருவான் என்று எழுதிவைக்க வேண்டும். முழு எண்ணா, பின்னமா, சொல்லா, ஆம்-இல்லையா? இதுதான் ரிட்டர்ன் டைப். எழுதியது ஒன்று, கொண்டுவருவது வேறொன்று என்றால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

தொட்டியின் வாயுவைப் பார்த்துவரும் ஃபங்ஷனுக்கு 'முழு எண்' என்று எழுதியிருந்தது. சென்சார் செத்துப்போன நாளில் ஃபங்ஷனிடம் எண் கிடையாது. எண் இல்லாமல் திரும்பி வரவும் முடியாது. அதனால் அப்படிப்பட்ட நாளில் கையில் ஒரு பூஜ்யத்தைக் கொடுத்து அனுப்பும்படி யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

இதற்கு மருந்தும் அந்த மொழியிலேயே இருந்தது. ரிட்டர்ன் டைப்பை 'முழு எண், அல்லது ஒன்றுமில்லை' என்று மாற்றினால் போதும். அதன்பின் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் ஒவ்வோர் இடத்திலும், 'ஒன்றுமில்லை என்று வந்தால் என்ன செய்வாய்?' என்று மொழியே அதட்டிக் கேட்கும். பதில் எழுதாமல் விடாது.

அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்துபோகும் அக்சா, தபரேஸுக்குக் கீழே வேலை செய்யும் பெண், மாலை டீக்கு முன்பே முப்பத்தேழு இடங்களையும் சரிசெய்துவிட்டாள்.

"சார், ஏத்திடலாமா?"

"பாஸ்வேர்டு ஜி.எம். கிட்ட இருக்கு. அவரு குடுக்கணும்னா ரிட்டர்ன் டைப் குழு ஒப்புதல் வேணும்."

"ரிட்டர்ன் டைப்புக்கு ஒரு குழுவா?"

குழு பிறந்த கதையை அவன் சொன்னான். உணவுக்கூடத்தில் வெள்ளிக்கிழமை எத்தனை தட்டு பிரியாணி வேண்டும் என்று கணக்கிடும் ஃபங்ஷனுக்கு யாரோ பின்னம் என்று டைப் கொடுத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அது நூற்றுப் பன்னிரண்டரை என்றது. சமையல்காரர் நேர்மையானவர். அரைத் தட்டு பிரியாணியை அளந்து வைத்தார். அந்த அரைத் தட்டு போய்ச் சேர்ந்த இடம் பொது மேலாளர் இஷ்தியாக் அகமதுவின் மேசை. மறுநாளே குழு அமைந்தது.

*

குழுவின் செயலாளர் சாந்தகுமார். தணிக்கைப் பிரிவு மேலாளரும் அவர்தான். ஏழாம் எண் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு கட்டங்கள், மூன்று நகல்.

ஒன்பதாவது கட்டம்: 'புதிய டைப்பின் மாதிரி மதிப்பு ஒன்றை எழுதுக.'

மாதிரிக்கு 'ஒன்றுமில்லை'யைக் காட்ட வேண்டும். தபரேஸ் கட்டத்தைக் காலியாக விட்டான்.

"காலியா இருக்கே," என்றார் சாந்தகுமார்.

"அதான் சார் மதிப்பு."

"சுவத்துல இன்னா எழுதியிருக்கு, படி."

தபரேஸ் ஒரு சிறு கோடு போட்டுக் கொண்டுவந்தான். கோடு ஓர் எழுத்துக் குறி. அப்படியானால் டைப் 'சொல்' என்று டிக் செய்ய வேண்டும் என்று திரும்பி வந்தது. 'இல்லை' என்று எழுதினான். இது ஆம்-இல்லை வகையைச் சேர்ந்தது, வேறு படிவம் என்று திரும்பி வந்தது. 'தெரியாது' என்று எழுதினான். தெரியாதவர் ஏன் விண்ணப்பிக்கிறார் என்று விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது.

பதின்மூன்றாம் நாள், வெறுத்துப்போய், கட்டத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டான்.

சாந்தகுமாரின் முகம் மலர்ந்தது. "இப்பப் பாரு, எவ்ளோ அழகா இருக்கு! இதை மொதல்லயே பண்ணியிருந்தா இவ்ளோ பேஜார் உண்டா?" ஒன்பதாவது கட்டத்துக்கு முத்திரை விழுந்தது.

பன்னிரண்டாவது கட்டம் ஒன்று பாக்கி இருந்தது: 'இந்த ஃபங்ஷனை முதலில் எழுதியவர் பெயர்.' அங்கே வந்தபோது அவன் பேனா நின்றது. பக்கத்திலிருந்த அக்சா சொன்னாள்: "யார் எந்த வரியை எழுதினாங்கன்னு சிஸ்டத்துல இருக்குமே சார். பாத்துச் சொல்லட்டுமா?"

"வேணாம்," என்றான், தேவைக்கு அதிகமான அவசரத்தோடு. கையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதினான்.

அக்சா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்க அவன் முகத்தைப் பார்த்துப் பேசவுமில்லை.

*

முதல் கூட்டம். கம்பளம் விரித்த அறை, வாசலில் ஷூக்கள், மேசையில் சமோசா. இஷ்தியாக் அகமது தொண்டையைச் செருமினார்.

"தபரேஸ் மியான், உன் ஃபார்ம் பாத்தேன். நல்ல எண்ணம்தான், இல்லேங்கல. ஆனா நம்ம ஃபங்ஷன் ஒண்ணு போய்ப் பாத்துட்டு வந்து 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னா நம்ம இஸ்ஸத், மானம் இன்னா ஆவுறது? முப்பத்தோரு வருஷமா சர்வீஸ்ல இருக்கேன். ஒரு நாளாவது தெரியாதுன்னு நான் சொல்லிக் கேட்டிருக்கியா? தெரிஞ்சுதா இல்லியாங்கறது வேற விஷயம். பதில்னு ஒண்ணு குடுத்துடணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"சார், அந்த சைபரைப் பாத்துத்தான் வேலு எறங்குறாரு," என்றான் தபரேஸ். "அடுத்த வாட்டி எறங்கினா மேல வரமாட்டாரு."

"அதுக்குத்தானே கூடியிருக்கோம்," என்றார் பொது மேலாளர், சமோசாவைப் பிட்டபடி. "யோசனை சொல்லுங்கப்பா."

யோசனைகள் வந்தன. சென்சார் செத்தால் மைனஸ் ஒன்று காட்டலாம் என்றார் ஒருவர். மைனஸ் அபசகுனம் என்றார் பொது மேலாளர். சாந்தகுமாருக்கு மட்டும் அது பிடித்திருந்தது. நிறைய நாள் சென்சார் செத்தால் மாதச் சராசரி நன்றாகக் குறையும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் காட்டலாம் என்றார் இன்னொருவர். அப்போது சைரன் அடிக்கும், ஊர்க்காரர்கள் வந்து விசாரிப்பார்கள், கூடாது. நேற்றைய அளவையே இன்றும் காட்டலாம், நேற்று உயிரோடு இருந்தவர் இன்றும் இருப்பார்தானே என்றார் மூன்றாமவர்.

கடைசியில் 'சொல்' என்று டைப் வைத்து, சென்சார் செத்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்று காட்டலாம் என்ற யோசனை வந்தது. அறையில் ஒரு நிறைவு பரவியது. பழகிய முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடித்த மாதிரி.

சாந்தகுமார்தான் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். ஒம்பதாம் கட்டத்துல இவரே சைபர்னு எழுதியிருக்காரு. அதாவது ஒண்ணுமில்லைக்கும் சைபருக்கும் வித்தியாசம் இல்லேன்னு விண்ணப்பதாரரே ஒத்துக்குறாரு. அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

தபரேஸ் படிவத்துக்குக் கை நீட்டினான். சாந்தகுமார் அதைக் கோப்புக்குள் வைத்து மூடினார்.

"ஆராய வேண்டிய விஷயம்," என்றார் பொது மேலாளர்.

ஆராய்ந்தார்கள். 'ஒன்றுமில்லை என்றால் என்ன' என்ற தலைப்பில் அமிர்தி அருவிக்கரையில் இரண்டு நாள் பயிலரங்கு. அருவியில் தண்ணீர் இல்லை; தலைப்புக்குப் பொருத்தமான இடம் என்று அறிக்கையில் குறித்தார்கள். திரும்பி வந்ததும் தபரேஸுக்கு ஒரு குறிப்பாணை தந்தார்கள். போர்டு பூஜ்யம் காட்டும்போது தொழிலாளியைத் தடுத்தது விதிமீறல். சாக்ஸோடு ஓடியது தனி விதிமீறல். இனி கணினிப் பிரிவினர் தொட்டிப் பகுதிக்குள் வரக் கூடாது. நடுவில் ஒரு கதவு வைத்துப் பூட்டும் போட்டார்கள்.

பெருச்சாளி கடித்த ஒயருக்கு டேப் சுற்றினார்கள்.

*

நாற்பத்தோராம் நாள், வியாழக்கிழமை, காலை பத்தரை. மறுநாள் வெளிநாட்டுத் தணிக்கை. அதற்குள் மூன்றாம் தொட்டியைச் சுத்தம் செய்தாக வேண்டும். இரண்டாவது கூட்டமும் அப்போதுதான்.

முதல் மாடி ஜன்னல் வழியே தொட்டி தெரியும். வேலு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தையல் போட்ட அதே சட்டை. மேஸ்திரி மூடியைத் திறந்துகொண்டிருந்தார். மேலே போர்டு.

காலையில் நான்கு, ஆறு, ஐந்து என்று ஆடிக்கொண்டிருந்த எண், தபரேஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூஜ்யமாகி நின்றது.

"சார்! டேப் விட்டுப்போச்சு. சேத்தைக் கிளறினா வாயு ஏறும், போர்டு காட்டாது. வேலு எறங்கப் போறாரு. நான் சொன்னா மேஸ்திரி கேக்கமாட்டாரு, நீங்க ஒரு போன் பண்ணுங்க சார்!"

பொது மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். "போர்டு சைபர் காட்டுதே மியான். சைபர் காட்டும்போது எறங்காதேன்னு நானே எப்படிச் சொல்ல முடியும்? ரூல் போட்டதே நான்."

"அப்ப இதுக்கு ஒப்புதல் குடுங்க. அக்சா ரெடியா இருக்கா. பாஸ்வேர்டு போட்டா அரை நிமிஷம்."

"குடுக்கத்தானே உக்காந்திருக்கோம். சாந்தகுமார், விதி இன்னா சொல்லுது?"

சாந்தகுமார் நிதானமாகப் புரட்டினார். "விதி பதினாலு. 'ரிட்டர்ன் டைப்பை மாற்ற, முதலில் எழுதியவர் அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.' எழுதினவர் பேரு பன்னெண்டாவது கட்டத்துல இருக்கும்." படிவத்தைத் திருப்பினார். கண்ணருகே கொண்டுபோனார். "சைபர்னு இருக்கு."

"சைபரா?"

"ஆமா சார். பன்னெண்டாவது கட்டம், சைபர்."

"அப்ப யாரும் எழுதல," என்றார் பொது மேலாளர். "யாரும் எழுதாததை யாரு ஒத்துக்குறது? மாத்த முடியாது. தீர்மானம் எழுதிக்கப்பா."

வெளியே வேலு மூடியருகே உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டார். தபரேஸ் ஜன்னலில் கத்தினான். காற்றடிக்கும் மோட்டார்களின் இரைச்சலில் அது அவனுக்கே கேட்கவில்லை. கீழே ஓடினால் பூட்டிய கதவு. வேலுவின் செல்போன் காவலாளியின் பெட்டியில்.

அக்சா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நேராக, முகத்துக்கு நேராக.

தபரேஸ் திரும்பி வந்தான். சாந்தகுமாரின் கையிலிருந்து படிவத்தைப் பிடுங்கினான். பன்னிரண்டாவது கட்டத்தின் பூஜ்யத்தை அடித்தான். அதன்மேல் ஒரு பெயரை எழுதினான். 'தவறு' என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான். பேனாவை அழுத்தியதில் நகல்தாள் கிழிந்தது.

இஷ்தியாக் அகமது வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். முப்பத்தோரு வருட சர்வீஸில் அவர் பேசாமல் இருந்தது அந்தக் கணம்தான்.

சாந்தகுமார் பெயரைப் படிக்கவேயில்லை. "கட்டம் நெறஞ்சுது. ஃபார்ம் கம்ப்ளீட்," என்று சந்தோஷமாக முத்திரையைக் குத்தினார்.

பாஸ்வேர்டைப் பொது மேலாளர் முதல் தடவை தப்பாக அடித்தார். இரண்டாவது தடவையும். வேலுவின் மார்பு வரை தொட்டிக்குள் போயிருந்தது. மூன்றாவது தடவை திரை திறந்தது. அக்சா ஒரு விசையைத் தட்டினாள்.

மேலே போர்டு ஒருமுறை இருண்டு, சிவப்பாக எரிந்தது.

'தெரியாது. இறங்காதே.'

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். மறுநொடி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

*

வேலு மாடிக்கே வந்துவிட்டார். இடுப்பில் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் முடிந்து எல்லாரும் டீக்குப் போயிருந்தார்கள். வராந்தாவில் தபரேஸ் மட்டும், கையில் படிவத்தின் நகலோடு.

"சார்! போர்டு தெரியாதுன்னு சொல்லுது சார்! இத்தினி வருஷத்துல அது உண்மை பேசி இன்னிக்குத்தான் பாக்குறேன்." மூச்சிரைத்தது. "நீதான பண்ண? மேஸ்திரி சொன்னாரு. ரெண்டாவது வாட்டி உயிரைக் குடுத்திருக்க. தங்கமான மனுஷன் சார் நீ."

தபரேஸ் குனிந்தான், ஷூ கயிற்றைக் கட்ட. காலில் ஷூ இல்லை. வெறும் சாக்ஸ்தான் இருந்தது. நிமிர்ந்தான்.

"அந்த சைபரை எழுதினவன் எவன்னு தெரிஞ்சுதா சார்? ஃபார்ம்ல பேரு வந்திச்சாமே. இன்னா ஜென்மம் அவன்? ஒரு ஆள் உள்ள எறங்குவானேன்னு நெனச்சிருக்க வேணாம்?"

தபரேஸ் நகலை நீட்டினான்.

வேலு எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக இறங்கினார். பன்னிரண்டாவதில் விரல் நின்றது. உதடு அசைந்தது. தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"இன்னா சார், உம்பேரு எழுதிகிது?"

"நான்தாண்ணே. வேலைக்குச் சேந்த புதுசுல. கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னாங்க. எழுதினேன்."

மோட்டார்கள் இரைந்தன. வேலுவின் கை தானாகச் சட்டைக் காலருக்குப் போய்த் தையலைத் தடவியது.

"ஆஸ்பத்திரிக்குப் பதினோரு நாளும் வந்தியே. ஆரஞ்சு உரிச்சு வாயில வெச்சியே." குரல் இறங்கிவிட்டது. "அப்பல்லாம் இது உனக்குத் தெரியாதுதான சார்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேலுவின் முகமே அந்தப் பதிலைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே போர்டில் அதே வார்த்தைதான் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"மொத நாளே தெரியும்ண்ணே," என்றான் தபரேஸ்.